தாளுக்கேற்ற கறுப்பு

முனீஸ்வரி தான் எடுத்த புகைப்படங்களில் யாரையும் கை வைக்க விடமாட்டாள். திராட்சையின் அடிச்சாம்பல் நோயில் ஆராய்ச்சி செய்தவள். அறிவியல் படத்தைத் திருத்துவது பொய் சொல்வதற்குச் சமம் என்பது கல்லூரியில் அவள் கற்ற முதல் பாடம். நல்ல பாடம்தான். அதை எங்கே நிறுத்துவது என்றுதான் யாரும் சொல்லித்தரவில்லை.

2004-இல் விவசாயிகளுக்காக ஒரு சிறு புத்தகம் எழுதினாள். கலருக்கு வசதியில்லை, எல்லாப் படமும் கறுப்பு வெள்ளை. தேனி அச்சகத்தில் டிசைன் செய்த விஜய்பாண்டி, படங்களை நல்ல தாளில் இரண்டு விதமாக லேசர் பிரிண்ட் எடுத்துக் காட்டினான். ஒன்று வெளிறிக் கிடந்தது. மற்றதில், நோயின் முதல் அறிகுறியான எண்ணெய்ப் பொட்டுகள் இலையில் பளிச்சென்று தெரிந்தன. வெளிறியதைத்தான் எடுக்க வேண்டும் என்றான் அவன். புத்தகம் அச்சாகப் போவது மட்டரகத் தாளில். அது மையைக் குடிக்கும், சாம்பல் நிறமெல்லாம் கறுத்துப்போகும், அதனால் அந்தத் தாளுக்கான புரொஃபைலை, அதாவது அதில் மை எவ்வளவு ஊறும் என்ற கணக்கை, கம்ப்யூட்டரில் போட்டுக் கறுப்பை முன்கூட்டியே இளக்கியிருப்பதாக விளக்கினான்.

என் படத்தை இளக்க நீங்கள் யார் என்று முனீஸ்வரி சிடுசிடுத்தாள்.

"படத்த மாத்தலக்கா. தாளு செய்யப்போற வேலைக்கு ஒரு கணக்கு வச்சிருக்கேன், அம்புட்டுதான்."

அவள் பளிச்சென்று இருந்ததில் கையெழுத்துப் போட்டாள். சொல்லத்தான் முடியும், ஊட்டிவிடவா முடியும் என்று அவனும் விட்டுவிட்டான்.

அச்சாகி வந்தபோது முதல் படத்தில் வெறும் இலை இருந்தது. பொட்டெல்லாம் கறுப்பில் முங்கிவிட்டது. அவளுக்குச் சுருக்கென்றது. கீழேதான் விளக்கம் இருக்கிறதே, படித்துக்கொள்வார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். படித்தவர்களுக்குச் சட்டென்று வாய்க்கிற ஆறுதல் அது.

அவள் அப்பா கருத்தக்கண்ணன் படிக்கிற ஆளில்லை, படம் பார்க்கிற ஆள். ராயப்பன்பட்டியில் அவருக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். மகளின் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பந்தல் காலிலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஐப்பசி மழையில் இலைகளில் எண்ணெய் தெளித்தாற்போல மஞ்சள் பொட்டு விழுந்தது. பக்கத்துத் தோட்டத்து ஒச்சாண்டி உடனே மருந்தடிக்கச் சொன்னார். இவர் இலையையும் படத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டு, இது அந்த நோயில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து முனீஸ்வரி வந்து சேர்ந்தபோது காய்கள் பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருந்தன. ஒரு போகமே போய்விட்டது.

"ஒச்சாண்டி மாமா சொன்னாகள்லப்பா. ஏன் கேக்கல?"

"எம் மக புத்தகத்துல இல்லாதத அவன் சொன்னா நான் கேக்கணுமாத்தா?"

அந்த அச்சக மேசையில் ஒரு நிமிஷம் காது கொடுத்திருந்தால் போதுமே என்று அவளுக்கு இருந்தது. முதல் படத்தில் பொட்டு இருக்கிறது, அச்சில் மறைந்துவிட்டது, தப்பு என்னுடையது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அவர் புத்தகத்தை அவிழ்த்து, வெயிலில் சாய்த்துப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த இலையில் வெகுநேரம் தேடினார்.

"நீ சொன்னா இருக்கும்த்தா," என்றார். "எங் கண்ணுக்குத்தான் தெரியல."