வெள்ளிக்கிழமை விசிறி

எங்கள் உருக்காலையில் வெள்ளிக்கிழமை என்றால் வாஃபிள் பலகாரம். நார்வேக்காரனின் சம்பளத்தைக்கூட நிறுத்திவிடலாம், இதை நிறுத்த முடியாது. என் தங்கை ரான்டிதான் சுடுவாள்.

உலைப் புகையிலிருந்து பிரித்த கார்பன் டை ஆக்சைடைக் கடல்நீர்த் தொட்டியில் குமிழியிட்டுப் பாசி வளர்க்கிறோம், எரிபொருள் எடுக்க. பாசி அடியில் படியாமல் கலக்கிவிட இன்னொரு குழாயில் வெறும் காற்றும் போகும். தொட்டிக்கடியில் பம்புக் குழி. அங்கே கசியும் வாயுவை வெளியே தள்ள ஒரு விசிறி. விசிறியும் மின்சார வாஃபிள் கல்லும் ஒரே ஃபியூஸில். இரண்டையும் போட்டால் கரண்ட் போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் விசிறியை அணைத்துவிடுவார்கள், கொஞ்ச நேரம்தானே என்று.

"பம்பு முனகுதுன்னு உன் மாப்பிள்ளை குழிக்குப் போனாரு. ஆறிடப் போகுது, கூப்பிடுண்ணே" என்றாள் ரான்டி.

குழியை எட்டிப் பார்த்தேன். ரான்டியின் கணவன் எய்னார் குப்புறக் கிடந்தான். விசிறி சுற்றவில்லை.

"எந்த அறிவுகெட்டது விசிறியை அணைச்சது?" என்று கத்தினேன்.

பின்னாலேயே ஓடிவந்த ரான்டியின் கையில் மாவுக் கரண்டி. அவள் முகத்தைப் பார்த்ததும் அணைத்தது யாரென்று தெரிந்துவிட்டது. கரண்டியை வீசிவிட்டு ஏணிக்குப் பாய்ந்தாள். இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன்.

"விடுண்ணே! செத்துடுவாரு!"

"இறங்குனா நீயும் செத்துடுவடி! கீழ மூச்சுவிடக் காத்தே இல்ல!"

என் கையைக் கடித்தாள். விடவில்லை. விட்டிருந்தால் இரண்டு பிணம்.

"ஷெல்! கேஸை மூடு! தொட்டிக்குப் போற காத்துக் குழாயைப் புடுங்கிக் குழிக்குள்ள போடு!"

பாசி ஆராய்ச்சிக்காரர் ஷெல் ஒரு கணம் தொட்டியைப் பார்த்தார். "பாசி அடியில படிஞ்சிடுமே..."

"படியட்டும்யா!"

பிடுங்கினார். குழாய் சீறியது. யாரோ வாஃபிள் கல்லை அணைத்து விசிறியைப் போட்டார்கள். ஆலைத் தீயணைப்பு ஆட்கள் மூச்சுக்கருவியோடு வந்து இறங்கும்வரை ரான்டி என் பிடியில் துள்ளிக்கொண்டே இருந்தாள். என் ஆயுளில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

வெளியே பனிமேல் கிடத்தி ஆக்சிஜன் வைத்தார்கள். நீலம் பாரித்த உதடு மெல்ல அசைந்தது. கண் திறந்தான். ரான்டி அவன்மேல் விழுந்தாள்.

"நான்தாங்க அணைச்சேன். பாவி நான்தான்..."

எய்னார் முகமூடியை விலக்கினான்.

"தெரியும். இறங்கும்போதே பாத்தேன். போட்டா ஃபியூஸ் போயிடும், கல்லுல ஊத்துன மாவு வீணாயிடும்... ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு..."

ரான்டி அவனையே பார்த்தாள். பிறகு பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகையே வந்தது.