பயத்துக்கு மார்க்

எழுந்தான். பல் துலக்கினான். முகம் கழுவினான். டயரில் காற்று பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பது மனைவி போட்ட சட்டம். ரப்பர் சூடானால் மீட்டர் பொய் சொல்லும். சிவப்பு வண்டியைப் பார்த்து முடித்து, ஷெட்டில் நின்ற வெள்ளை வண்டிக்குத் திரும்பியபோதுதான், நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தன்னையே பார்ப்பதைக் கவனித்தான்.

அவள் கூடத்தில் கிடந்தாள். நேற்று மாலை தலைவலி என்று படுத்தவள், எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, சும்மா உட்கார்ந்திருந்தாலும் நடந்திருக்கும் என்றார் டாக்டர். அழுகை வரவில்லை. பயமாக இருந்தது. எதைக் கண்டு என்றுதான் தெரியவில்லை.

பயப்படுவது அவனுக்குப் பாதி வேலை. அவள் ஒரு பத்திரிகைக்காக ஸ்போர்ட்ஸ் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவள். அவன் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறவன். "குதிரைத்திறனை எவன் வேணா அளப்பான். உன் வயிறு மாதிரி மீட்டர் எவன்கிட்ட இருக்கு?" என்பாள். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் 'பயத்துக்கு மார்க்' என்று ஒரு வரி உண்டு. வாசகர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

இந்த மாதம் சிவப்புக்கும் வெள்ளைக்கும் போட்டி. வெள்ளை, டர்போ இல்லாத ஆறு சிலிண்டர். மிதிக்க மிதிக்கச் சத்தம் ஏறும், சத்தத்தோடு வேகமும் ஏறும். வளைவில் டயர் எந்த இடத்தில் கைவிடும் என்பதை ஸ்டீயரிங்கே முன்கூட்டிச் சொல்லிவிடும். சிவப்பு, டர்போ வைத்த சின்ன எஞ்சின். மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு முதுகில் யாரோ எட்டி உதைத்தது போல இருக்கும். ஸ்டாப்வாட்சில் சிவப்புதான் முந்தியது.

"வெள்ளை சொல்லிட்டுச் செய்யுது. சிவப்பு சொல்லாமச் செய்யுது," என்றாள், நேற்று மலைப்பாதையில். "உனக்கு எதுல பயம் ஜாஸ்தி?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"பயத்தை எவனாவது யோசிப்பானாடா?"

மாமியார் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாப்ளே, கடைசியா என்னப்பா சொன்னா? என்னைக் கேட்டாளா?"

"கேட்டா அத்தை. அம்மாவுக்குப் போன் பண்ணணும்னு சொன்னா."

மாமியார் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று அவன் பார்க்கவில்லை.

தூக்கும் நேரம் வந்துவிட்டது. படிக்கு நேரே சிவப்பு வண்டி. அதற்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும் இது?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"யோவ், நேரங்காலம் தெரியாம," என்று அவர் மனைவி முழங்கையால் இடித்தாள்.

"சாவியைக் குடுங்க அத்தான், நான் எடுக்கிறேன்," என்றான் மைத்துனன். உட்கார்ந்து கிளப்பினான். மெதுவாக மிதித்தான். வண்டி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்துக் கிளட்சை விட்டான். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்து, கேட்டருகே நின்றவர்கள் அலறிச் சிதற, பக்கவாட்டில் ஒரு காலி நாற்காலியைச் சுவரோடு நசுக்கி, வழியை அடைத்தபடியே அணைந்தது. இறங்கியபோது மைத்துனனின் முகத்தில் ரத்தமே இல்லை.

"வண்டியா அத்தான் இது? பேய்!"

"அது கொஞ்சம் யோசிக்கும். அதுக்குள்ள நாம இன்னும் மிதிச்சிடக் கூடாது," என்றான் அவன்.

வேறு யாரும் சாவிக்குக் கை நீட்டவில்லை. அவன் இதுவரை ஸ்கூட்டரும் பழைய வேனும்தான் ஓட்டியிருக்கிறான். ஆனால் இந்த வண்டியின் ஒவ்வொரு குணமும் அவன் வயிற்றுக்குத் தெரியும். உள்ளே நுழைந்தான். சீட் அவள் உயரத்துக்கு முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. முழங்கால்கள் ஸ்டீயரிங்கில் முட்டின. சீட்டைத் தள்ளும் பிடிமேல் கை வைத்தான், எடுத்துவிட்டான்.

"எல்லாரும் உள்ள போங்க. குழந்தைங்களைப் பிடிச்சுக்குங்க," என்றான்.

துளி மிதித்தான். ஒன்றுமில்லை. இன்னும் மிதி என்றது கால். மிதிக்கவில்லை. காத்திருந்தான். பக்கத்தில் கைப்பிடி சும்மா இருந்தது. அதை எட்டிப் பிடிக்கப் போன கையைத் திரும்ப ஸ்டீயரிங்குக்குக் கொண்டுவந்தான். கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டான். வண்டி மூச்சு இழுத்தது. பின்னால் அந்த உதை வந்து நிற்பது முதுகில் தெரிந்தது. காலை அப்படியே வைத்திருந்தான். வண்டி நகர்ந்தது, கேட்டைத் தாண்டியது, தெருவின் ஓரத்தில் போய் நின்றது.

எஞ்சினை அணைத்தான். ஸ்டீயரிங்கை விட்ட விரல்கள் மடங்கியபடியே இருந்தன. கண்ணாடியில், வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் படிந்த வெறும் தரை. அதன்மீது அவளைக் கொண்டு வந்தார்கள்.

நேற்று அவள் அந்தப் படியில்தான் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, மறுகையால் சிவப்பு வண்டியின் சாவியை அவன் மடியில் எறிந்தாள்.

"நாளைக்கு நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து பயப்படுறேன்."