நூற்றில் ஒரு பங்கு

நாற்பது தையல் மெஷின்கள் ஓடும் அந்தக் கூடத்தில் எலக்ட்ரீஷியனுக்கு ரேடியோ என்று பெயர். மோட்டார் நின்றால் பார்ப்பது, ஃப்யூஸ் போடுவது, டியூப்லைட் மாற்றுவது எல்லாம் அவர் வேலைதான். ஆனால் காலை ஒன்பது மணிக்கு மூலையிலிருந்த கண்ணாடி அறைக்குள் போய் ஒலிபெருக்கியில் பாட்டு வைப்பதும் அவரே என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவியே ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எதையும் வரிசைக்கிரமமாகச் செய்கிற மனிதர். எந்த நாள் எந்தப் பாட்டு, அதற்கு எந்த வரிசையில் தலையாட்டினார்கள், எதற்குக் கொட்டாவி விட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பார். அவருக்குப் பாட வராது. ஆனால் ஒரு பாட்டு அரை இழை மேலே போனாலும் கீழே போனாலும் காதில் மணல் விழுந்ததுபோல் துள்ளுவார்.

கூடத்தின் சூப்பர்வைசர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. தேநீர் இடைவேளையில் மாமனை வம்புக்கிழுப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். சோறு பசிக்கு, தண்ணி தாகத்துக்கு. பாட்டு எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. அதான் அதோட பெருமை. பூ எதுக்குன்னு கேப்பியா?"

"தேனீக்கு."

"சரி, நிலா எதுக்கு?"

"கடல்ல அலை ஏறி இறங்கறதுக்கு. உங்க பாட்டு மட்டும்தான் மாமா சும்மா உக்காந்திருக்கு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரேடியோவும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வீடு போய்ச் சேரும்வரை அவரை அரித்தது. பாட்டுக்கு ஒரு சக்தியும் இல்லையா? மனிதனை அசைக்காதா? அசைக்கும் என்று இவனுக்குக் காட்டவேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை அவர் செய்தது மிகச் சின்ன வேலை. பாட்டு வைக்கிற அந்தப் பழைய இசைத்தட்டுக் கருவியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் உண்டு. அதை நூற்றில் ஒரு பங்கு கூட்டினார். வேகம் ஏறினால் கூடவே சுருதியும் ஏறும், ஆனால் நூற்றில் ஒன்று யார் காதுக்கும் எட்டாது. அடுத்த திங்கள் இன்னொரு பங்கு. அதற்கடுத்த திங்கள் இன்னொன்று.

மெஷினை மிதிக்கிற கால் பாட்டோடு போகும். அது காலுக்கே தெரியாது. முடிந்த சட்டைகளின் எண்ணிக்கையைச் சாக்பீஸால் எழுதும் பலகை ஒன்று வாசல் பக்கம் தொங்கியது. மூன்றாவது வாரமே அது ஏறத் தொடங்கியது.

"என்ன மாமா நடக்குது?" என்றான் மச்சான். "ஆள் அதே ஆள், துணி அதே துணி. பலகை மட்டும் ஏறுது."

"பாட்டு, மச்சான்."

பொய் சொல்லவில்லையே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டார். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வாதத்தில் ஜெயித்தாயிற்று. யாரும் மிரட்டவில்லை, யாரும் அதற்கு மேல் கேட்கவுமில்லை. அவராகவேதான் பன்னிரண்டு திங்கட்கிழமை அந்தக் குமிழைத் தொட்டார்.

மூன்றாவது வரிசையின் ஓரத்தில் காலர் தைக்கிற பெண்மணிக்குக் காலர் அக்கா என்று பெயர். ஒலிபெருக்கி பாடினால் அவளும் பாடுவாள். மறைவாக முணுமுணுப்பதெல்லாம் இல்லை. வாய் திறந்து, நூல் கடிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம். எட்டாவது வாரம் அவள் பாடுவதை நிறுத்தினாள். பக்கத்து மெஷினில் பொத்தான் தைக்கிற பெண் விடுவாளா?

"என்னக்கா, வாய்க்கும் சேத்து தையல் போட்டுட்டியா?"

"குரல் எட்டலடி. மேல போற இடத்துல தொண்டை கிழியுது. வயசாகுதுல்ல."

"நீ தைக்கிற காலருக்கெல்லாம் வயசாகலையே, உனக்கு மட்டும் எப்படி?"

தலைக்கு மேலே ஏணியில் நின்று டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்த ரேடியோவின் காதில் இதெல்லாம் விழுந்தது. அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. உங்கள் குரல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது அக்கா, பாட்டைத்தான் நான் மேலே ஏற்றிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். பழைய டியூப்லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, தலையைக் குனிந்தபடி போய்விட்டார். அடுத்த திங்கள் ஒன்பதாவது பங்கையும் கூட்டினார்.

பன்னிரண்டாவது வாரம் காலர் அக்காவின் மோட்டார் நின்றுபோயிற்று. ரேடியோ தரையில் உட்கார்ந்து அதைப் பிரித்தார். அவளுக்கோ சும்மா இருக்க முடியாத கை, பேச வேண்டிய மனசு. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சொல்ல ஆரம்பித்தாள்.

"வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்ததே தம்பி, லாரி ஓட்டிட்டிருந்தப்போ. கை கால் ஓரளவு வந்துது. பேச்சு மட்டும் வரல. பேச்சுப் பயிற்சி கொடுக்கற அம்மா சொன்னாங்க, பேச முடியாதவங்க சில பேருக்குப் பாட வரும், பாடிப் பாருங்கன்னு. நமக்குத்தான் வேற என்ன தெரியும், கதவுப் பாட்டைப் பாடினேன்."

கதவுப் பாட்டு என்று கூடத்தில் சொல்வது தினமும் பத்து மணிக்கு ஒலிக்கிற ஒரு நிதானமான பாட்டு. *மெல்லத் தட்டு மழையே, கதவு திறந்துதான் இருக்கு* என்று வரும்.

"முதல் வரியை நான் பாடுவேன். ஒருநாள் ரெண்டாவது பாதியை அவர் பாடினார். கதவு திறந்துதான் இருக்குன்னு, சுத்தமா. நான் அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தேன். அப்புறம் அதே மெட்டுல தண்ணி கேக்க ஆரம்பிச்சாரு. குசும்பு வேற. சட்டை கசங்கித்தான் இருக்குன்னு ஒருநாள் பாடறாரு. நாள் பூரா ஊருக்குச் சட்டை தைக்கிறவகிட்ட."

அவள் சிரித்தாள். பிறகு குரலை இறக்கினாள்.

"இப்ப ரெண்டு மாசமா ஒண்ணும் வரல. வாயைத் திறக்கறாரு, அதுக்குள்ள பாட்டு அவரைத் தாண்டிப் போயிடுது. பஸ்ஸை விட்டவர் மாதிரி பாத்துட்டு நிக்கறாரு. உள்ள மிச்சமிருந்ததும் அணைஞ்சிட்டு வருது போல. வெள்ளிக்கிழமை அந்தப் பயிற்சி அம்மாகிட்ட இனிமே வரலன்னு சொல்லிடப் போறேன். எதுக்கு அவரைப் போட்டு வதைக்கணும்."

ரேடியோ ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு திருகை மறுபடி இறுக்கினார்.

"வீட்டுல எப்படிக்கா பாடுவீங்க? இங்க கேக்கற மாதிரியேவா?"

"வேற எப்படி? பகல் பூரா காதுல இதானே ஓடுது. படுத்தாலும் அதே ஓட்டம்தான்."

அன்று புதன்கிழமை. மறுநாள் காலை ரேடியோ கோழையின் வழியைத் தேர்ந்தெடுத்தார். குமிழை ஒரேயடியாகப் பழைய இடத்துக்குத் திருப்பினார். யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. பாட்டு தானே அவள் காதைச் சரிசெய்துவிடும், ஒரு சொல்லும் செலவாகாது என்று கணக்குப் போட்டார்.

முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் கூடத்தில் சலசலப்பு.

"ரேடியோ அண்ணே, மெஷின் ரிப்பேரா? பாட்டு இழுக்குது."

"இது பாட்டா, ஒப்பாரியா?"

"பேட்டரி போட்டு ஓட்டறாரு போல."

பத்து மணிக்குக் கதவுப் பாட்டு வந்தது. கண்ணாடி வழியாக அவர் காலர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவளும் முகத்தைச் சுளித்தாள். "அதை மாத்துங்க தம்பி, தூக்கம் வருது" என்று கை காட்டினாள்.

ரேடியோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாடியவர் பாடிய வேகம் அது, அவர் தொட்ட சுருதி அது. அதுதான் பாட்டு என்று இத்தனை காலம் நம்பியிருந்தார். நாற்பது பேரின் காதிலும் காலிலும் அது இப்போது இல்லை. அப்படியானால் பாட்டு எங்கே இருக்கிறது? இசைத்தட்டிலா, காதிலா? எங்கே இருந்தாலும் சரி, அதை இவர்களிடமிருந்து எடுத்தது யார் என்பதில் சந்தேகமில்லை.

பலகை அன்று மதியமே சரிந்தது. மச்சான் கண்ணாடி அறைக்குள் வந்தான். ரேடியோ குமிழைத் திருகியதையெல்லாம் சொன்னார். அவன் முதலில் வாயைப் பிளந்தான், அப்புறம் சிரித்தான்.

"நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன் மாமா. நீங்க பன்னிரண்டு வாரம் பதில் எழுதியிருக்கீங்க."

"சிரிக்காத."

"பாட்டால ஒரு உபயோகமும் இல்ல, அதான் பெருமைன்னு சொன்னது நீங்க. இப்ப உபயோகம் இருக்குன்னு நிரூபிச்சதும் நீங்க. அப்ப பெருமை எங்க போச்சு?" அவன் தோளைத் தட்டினான். "விடுங்க. மறுபடி பன்னிரண்டுல வைங்க. யாருக்கு என்ன கெடுதல்?"

"இருக்கு" என்றார் ரேடியோ.

வேலை முடிந்ததும் காலர் அக்காவின் வீட்டுக்குப் போனார். இரண்டு அறை. ஜன்னலோரம் நாற்காலியில் அவள் கணவர், பெரிய தோள்களோடு, வலது கையை மடியில் வைத்தபடி. உட்காரச் சொன்னாள். ரேடியோ உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை நின்றுகொண்டே ஒப்பித்தார்: எந்தத் திங்கட்கிழமை ஆரம்பித்தார், வாரம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, சுருதி எவ்வளவு ஏறியது. பாதியில் அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இருங்க தம்பி. அப்ப அவருக்கு ஒண்ணும் ஆகலையா?"

திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவர் அவர். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவர் தயாராக இல்லை. சுவரைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியல அக்கா. ஆகலன்னுதான் நினைக்கறேன். உங்க குரலுக்கும் ஒண்ணும் ஆகல."

அவள் கணவரிடம் குனிந்து, "கேட்டீங்களா? உங்க மேல தப்பில்லையாம்" என்றாள். அவர் ரேடியோவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ரேடியோ மீதியையும் சொல்லிவிட்டார்.

"எட்டாவது வாரமே எனக்குத் தெரியும் அக்கா. குரல் எட்டலன்னு நீங்க சொன்னப்போ நான் தலைக்கு மேல ஏணியிலதான் இருந்தேன்."

அவளுடைய மலர்ந்த முகம் மெதுவாக மூடிக்கொண்டது. "உக்காருங்க" என்றாள். இந்த முறை அது உபசாரம் இல்லை.

"எனக்குப் பழைய நடை மறந்துபோச்சு. நீங்க தட்டுங்க."

ரேடியோ மேஜையின் மேல் விரலால் தட்டினார். அவள் பாடினாள். இரண்டாவது அடியிலேயே பாட்டு விரலை முந்திக்கொண்டு ஓடியது. நிறுத்தினாள். மறுபடி. மறுபடியும் ஓடியது. "இவ்வளவு மெதுவாவா? மாட்டு வண்டியில போற மாதிரி இருக்கே" என்று எரிச்சலோடு சொன்னாள். ஐந்தாவது முறை கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் காத்திருந்து, *மெல்லத் தட்டு மழையே* என்று முடித்து நின்றாள்.

ஜன்னலோரம் உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது, சொல் வரவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள்.

அந்தத் தடவை கணவர் பாடினார். *கதவு* வரைக்கும்தான் வந்தது. கரகரத்த, பழக்கம் விட்டுப்போன குரல். ஆனால் தாளத்தின் மேல் சரியாக இறங்கிய சொல்.

காலர் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரேடியோவின் விரல் நிற்கவில்லை. நிறுத்தினால் தன் கண்ணும் நிறையும், அழுவதற்குத் தனக்கு இந்த வீட்டில் உரிமையில்லை என்று தோன்றியது.

வாசல்வரை வந்தாள். "நாளைக்கும் வந்து தட்டுங்க. எனக்கு நடை திரும்பற வரைக்கும் தினம் வாங்க. அப்புறம், காலையில அவங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க. நான் சொல்லமாட்டேன். அது நீங்க சொல்லவேண்டியது."

மறுநாள் ஒன்பது மணிக்குப் பாட்டு வரவில்லை. ஒலிபெருக்கியில் ரேடியோவின் குரல் வந்தது. திங்கட்கிழமைகளை வரிசையாகச் சொன்னார். எதற்காகச் செய்தேன் என்பதையும் சொன்னார்: மச்சானிடம் ஒரு வாதத்தில் ஜெயிப்பதற்காக. நாற்பது பேரும் துணியிலிருந்து கையை எடுத்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. பொத்தான் பெண்தான் எழுந்து கண்ணாடி அறை வாசலுக்கு வந்தாள். அவளுடைய வழக்கமான கேலி முகத்தில் இல்லை.

"போன மாசம் ஒரு சனிக்கிழமை, எல்லாரும் சேந்து பாடி, சிரிச்சு, சாப்பாட்டு மணி அடிச்சதுகூடத் தெரியாம தச்சோமே. அன்னைக்கு வீட்டுக்குப் போய் எங்கம்மாகிட்ட சொன்னேன், இன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தேன்னு. அது நானா இருந்தேனா அண்ணே, இல்ல நீங்க திருகினதா?"

பாட்டைப் பற்றி எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனிதர் அவர். சந்தோஷம் உன்னுடையதுதான் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லி அவளைத் தேற்ற வேண்டிய ஆள் தான் இல்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

"தெரியலம்மா" என்றார்.

"அப்ப இன்னைக்கு ஒண்ணும் வைக்காதீங்க."

அவள் போய் உட்கார்ந்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின, சில வேகமாக, சில நிதானமாக, ஒன்றோடொன்று சேராமல். மச்சான் பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றான், எதுவும் எழுதவில்லை. சற்று நேரம் கழித்து மூன்றாவது வரிசையின் ஓரத்தில் காலர் அக்காவின் உதடுகள் அசைந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய் என்ன பாட்டு என்று கேட்க ரேடியோவுக்கு முகமில்லை.