ஆய்வுக்கூடத்து ஆடு

பொழுது விடிவதற்குள் பல்கிசா கூழ் காய்ச்சி இறக்கிவிட்டாள். கிருமிக்குப் போடும் தீனியை அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கூழ் என்றுதான் சொல்வார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாததால் அழுத்தப் பானையை எரிவாயு அடுப்பில் ஏற்றி, பக்கத்திலேயே நின்று வேக வேண்டியிருந்தது. மே மாதத்தில், பாலைவனத்தை ஒட்டிய ஜின்டர் சீமையில் சூரியன் வருமுன்பே சுவர் சுடும். முக்காடு நனைந்து கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. குடுவையை இறக்கியதில் உள்ளங்கை சிவந்துவிட்டது. இனி கை தாங்கும் சூட்டுக்கு ஆறியதும் ஆட்டு ரத்தம் ஊற்ற வேண்டும். முந்தினால் ரத்தம் வெந்துபோகும், பிந்தினால் கூழ் இறுகிவிடும்.

ஆட்டைப் பராமரிக்கும் லவாலி வந்தான். கையில் கயிறு மட்டும் இருந்தது.

“ஆடு எங்கய்யா?”

“இல்லக்கா.”

“இல்லன்னா? அவுத்துக்கிட்டு ஓடிருச்சா?”

“நேத்து நான் வீட்டுக்குப் போனப்புறம் அல்ஹாஜி ஆள் விட்டுப் புடிச்சுட்டுப் போயிட்டாராம். தலைநகர்க்காரங்களுக்கு விருந்து. பின்பக்கச் சுவத்துல தோலு காயுது, போய்ப் பாரு.”

ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வந்தவர்கள் ஆய்வுக்கூடத்தையே தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். பல்கிசாவுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அடுப்பை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது.

உள்ளே, கிருமிக்கு வேண்டிய கரியமில வாயுவுக்காக மெழுகுவத்தி ஏற்றி மூடிய சாடிக்குள், கடைசி ரத்தத் தட்டில் கரின் தவாக்கி கிராமத்துக் கிருமி சாம்பல் நிறத்தில் மினுமினுத்து வளர்ந்திருந்தது. அந்த ஊரில் மூளைக்காய்ச்சல் வந்த வீடுகளில் எல்லோருக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை விழுங்கியவர்களும் கழுத்து விறைத்துப் படுத்துவிட்டார்கள். நாளை மறுநாள் பக்கத்து ஊர்களுக்கும் அதே மாத்திரைதான் போகிறது. கிருமி அந்த மாத்திரைக்குச் சாகிறதா, இல்லை பழகிப்போய்ச் சிரிக்கிறதா என்று தெரிய வேண்டும். இன்றே புதுத் தட்டில் கிருமியைத் தேய்த்து, மேலே மருந்துப் பட்டையை வைத்தால்தான் நாளைக்குத் தெரியும். தட்டுக்கு ரத்தம் வேண்டும்.

அவள் போனபோது நிர்வாகி அல்ஹாஜி சனூசி தன் அறையில் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரு ஆட்டுக்கா காலங்காத்தால இந்த ஆர்ப்பாட்டம்? விருந்தாளிக்குப் பருப்பு வேகவச்சுக் கொடுக்கச் சொல்றியா?”

“அந்த ஆடு இல்லன்னா வேலை இல்ல அல்ஹாஜி.”

“அந்த வேலையே மாசக் கடைசியோட முடியுது. நேத்து பேசி முடிச்சாச்சு. இனிமே கிருமி வளர்க்கிறது கிடையாது. சாம்பிளை மெஷின்ல வச்சா என்ன கிருமின்னு அதுவே சொல்லிடும். செத்த கிருமி போதும் அதுக்கு.”

“செத்தது பேரைச் சொல்லும். எந்த மாத்திரைக்குச் சாகும்னு நம்ம மெஷின் சொல்லாது. உயிரோட இருக்கிறதைத்தான் கேக்கணும்.”

“தலைநகர்ல கேட்டுக்குவாங்க.”

“எப்ப? மழை வந்து சீக்கு தானா அடங்கினப்புறமா?”

அவர் கிளாசைக் கீழே வைத்தார். குரல் இளகியது.

“இத பாரு பல்கிசா. மெஷினுக்கு ஒரு ஆள் வேணும். உன் பேரைத்தான் கொடுத்திருக்கேன். மத்ததுங்க தினக்கூலி, போகட்டும். நீ விவரமானவ. வாயை மூடிக்கிட்டு இரு.”

அவள் வெளியே வந்தாள். புருஷன் இல்லாத வீடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். ஒரு கணம் மனம் அந்த வேலையை நினைத்து இனித்தது உண்மை. இனித்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

முற்றத்தில் சாதூவின் மோட்டார் சைக்கிள் புழுதியோடு வந்து நின்றது. கிராமத்து மருத்துவ நிலையங்களிலிருந்து முதுகுத்தண்டு நீரைக் கொண்டுவருபவன் அவன். மற்ற சாம்பிளெல்லாம் பனிப்பெட்டியில் வரும். இந்தக் கிருமி மட்டும் குளிரில் செத்துவிடும் என்பதால் சீசாவை அங்கிக்குள் மார்போடு கட்டிக்கொண்டு வருவான். சாதூ மாடு மேய்க்கும் ஃபுலானிக் கூட்டம், லவாலி கனூரிக் கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் கேலி உறவு. என்ன திட்டினாலும் கோபிக்கக் கூடாது.

“ஏன்டா அடிமை, எஜமான் வந்திருக்கேன். எந்திரிச்சு நிக்க மாட்டியா?”

லவாலி தலையே தூக்கவில்லை. கேலிக்குப் பதில் வராததைக் கண்டதும் சாதூ பயந்துபோனான். “யார் செத்தா?” என்று கேட்டான்.

பல்கிசா ஆடு போனதையும், மாசக் கடைசியில் கிருமி வளர்ப்பு நிற்கப்போவதையும் சொன்னாள்; தன் பேரைக் கொடுத்திருப்பதை மட்டும் சொல்லவில்லை. தட்டு கழுவும் ஹப்சு ஈரக் கையோடு வந்து நின்று கேட்டாள்.

“இன்னொரு ஆடு வாங்குறதுக்கு என்ன?” என்றான் சாதூ.

“பெருநாள் நெருக்கத்துல சந்தைப் பக்கம் போயிருக்கியா? விலையைக் கேட்டா ஆடு நம்மள வாங்கிரும்,” என்றாள் ஹப்சு.

ஒவ்வொருவர் வீட்டிலும் பெருநாளுக்கென்று ஒரு கிடாய் கட்டியிருந்தது. எல்லோர் மனமும் அங்கேதான் போயிற்று. வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை.

கடைசியில் ஹப்சுதான் சொன்னாள். “குர்பானி ஆடு இருக்கு. ஆனா அறுக்கிற ஆட்டுல குறை இருக்கக் கூடாதே. ஊசி குத்தினா குறை ஆயிடாதா?”

“தெரியல. நான் படிச்சது லேப், மார்க்கம் இல்ல,” என்றாள் பல்கிசா.

“காது அறுந்தா குறை, கொம்பு ஒடிஞ்சா குறை,” என்றான் சாதூ. “கழுத்து மயிரை மழிச்சா என்ன? பெருநாளுக்குள்ள வளர்ந்துடும்.”

லவாலி எழுந்தான். “மாட்டு வாலைப் புடிச்சுக்கிட்டுத் திரியிறவனுக்கு ஆட்டைப் பத்தி என்னடா தெரியும்? குறைன்னா அது என் ஆட்டுக்கே இருக்கட்டும். நான் போய்க் கொண்டாரேன்.”

“உன்னது மட்டும் வந்தா உன்னை மட்டும் வெளிய தள்ளுவாரு,” என்றாள் ஹப்சு. “எல்லார் ஆடும் வரட்டும்.”

பல்கிசாவால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. “எனக்கு மட்டும் வேலை இருக்காம். உங்களுக்கு இல்லையாம்.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல.”

ஹப்சு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நாங்க ஆட்டோட வர்றதுக்குள்ள யோசிச்சு வை,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பார்வை பல்கிசாவுக்குச் சுட்டது. இறுகிப்போன கூழை மறுபடி உருக்க அடுப்பைப் பற்றவைத்தாள்.

வெயில் ஏறியபோது வாசலில் ஆடுகள் கத்தின. வெள்ளையும் கறுப்புமாக மூன்று கிடாய்கள், கொழுத்தவை, பிள்ளைகள் பேர் வைத்துக் கொஞ்சி வளர்த்தவை. காவல்காரன் கம்போ பயந்த சுபாவக்காரன். கதவைத் திறந்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாதென்று வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

லவாலி தன் கிடாயைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக் கழுத்தை மழித்தான். பல்கிசா ஸ்பிரிட்டால் துடைத்து, கட்டைவிரலை அழுத்தி நரம்பைத் தேடினாள். கருஞ்சிவப்பாக ரத்தம் குழாயில் இறங்கி, கண்ணாடி மணிகள் கிடந்த குடுவையில் விழுந்தது. விழ விழக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் உறைந்துவிடும். சாதூ குலுக்கினான். அவன் கை ஓய்ந்ததும் ஹப்சு வாங்கினாள்.

“நிறுத்து,” என்றபடி அல்ஹாஜி படியிறங்கி வந்தார். “யார் ஆடு இது?”

“எங்களோடது அல்ஹாஜி,” என்றாள் ஹப்சு குலுக்கியபடியே.

“நான் எல்லாத்தையும் மூடச் சொல்லியாச்சு. பல்கிசா, உன் பேரைக் கொடுத்திருக்கேன். ஞாபகம் இருக்கட்டும்.”

“அந்தப் பேரை அடிச்சிடுங்க,” என்றாள் அவள். ஊசியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. “நான் மெஷின்லயும் வேலை செய்வேன், கிருமியும் வளர்ப்பேன். ஆனா இவங்க எல்லாரும் இருந்தாத்தான். மாசம் முடிஞ்சாலும் நாங்க வருவோம். கதவைப் பூட்டினா வாசல்ல உக்காருவோம். கரின் தவாக்கிக்காரங்களும் வந்து உக்காருவாங்க.”

“உக்காந்து என்ன பண்ணுவீங்க? ஒரே நாள்ல வேற ஆள் வைப்பேன்.”

“வைங்க. ஆடு யாரு கொண்டாருவா?” என்றான் சாதூ.

அல்ஹாஜியின் முகம் கறுத்தது. “கம்போ. அந்தக் குடுவையைப் பிடுங்கிட்டு இவங்களை வெளிய தள்ளு.”

கம்போ வந்தான். ஹப்சுவின் கையிலிருந்து குடுவையை வாங்கினான். அவள் தடுக்கவில்லை, தோள் விட்டுப்போயிருந்தது. அவன் குடுவையைப் பார்த்தான், அல்ஹாஜியைப் பார்த்தான். மணிகளின் சத்தம் அடங்கியது. கிடாய் ஒருமுறை செருமியது.

“நிறுத்தினா உறைஞ்சிடும்ணே,” என்றாள் ஹப்சு மெதுவாக.

கம்போ, யார் முகத்தையும் பார்க்காமல், குலுக்க ஆரம்பித்தான்.

“இன்னும் வேகமா,” என்றாள் பல்கிசா.