அடைத்த தண்ணீர் போன இடம்

பஞ்சர் கடைக்காரருக்கு ஒழுகுவது எதுவாயினும் பகையே. ட்யூபை நீரில் அமுக்கிக் குமிழி தேடுவதும், தேடிக் கண்ட ஓட்டையை ஒட்டி அடைப்பதுமே அவருடைய பிழைப்பு. ஆகையால் வீட்டின் கேஸ் ஹீட்டரில், வெந்நீர்த் தொட்டியிலிருந்து பக்கவாட்டில் இறங்கிய குழாய் சொட்டத் தொடங்கியபோது, அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. குழாயின் வாயில் மரை வெட்டி, வெள்ளை நாடா சுற்றி, ஓர் இரும்பு மூடியைத் திருகி முடுக்கினார். சொட்டு நின்றது.

இந்த அவசரத்திற்குக் காரணம் அவருடைய மாமனார். இருதய சிகிச்சை முடிந்து முந்தின நாள்தான் வந்திருந்தார். வீட்டிலேயே அமைதியான இடமென்று பின்னறையில் அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். அந்தச் சுவருக்கு அப்பால்தான் ஹீட்டர். சொட்டுச் சத்தம் காதுக்குள்ளேயே விழுகிறது என்றும், ஊருக்கெல்லாம் ஒட்டுப் போடுகிற மருமகன் வீட்டுக்கும் ஒன்று போடலாகாதா என்றும் பெரியவர் காலையிலேயே கேட்டுவிட்டார். அதன்பின் எந்த மருமகன் சும்மா இருப்பார்?

வேலையைக் காட்டுவதற்கு மனைவியைக் கூப்பிட்டார். அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள்; எதையும் அளந்து பார்க்காமல் விடாதவள். சென்ற மாதம் புதிய தண்ணீர் மீட்டர் வைத்த நாள் முதலாகத்தான் குழாய் சொட்டுகிறது என்பதையும், ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் அடியில் நெருப்பு எரியும்போது மட்டும் ஒரு டம்ளர் அளவு சொட்டுகிறது என்பதையும் அவள் கவனித்து வைத்திருந்தாள். மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"சரி, அடைச்சிட்டீங்க. அந்த ஒரு டம்ளர் தண்ணி இப்ப எங்க போகும்?"

"எங்கயும் போகாது. உள்ளயே இருக்கும். அதுக்குத்தானே அடைச்சேன்."

"தொட்டி ஏற்கனவே ரொம்பித்தானே இருக்கு?"

அவர் மூடியை இன்னொரு முறை முடுக்கிப் பார்த்தார். கடைக்குப் போனபோது அந்தக் கேள்வியும் செருப்பில் புகுந்த கல்லைப் போலக் கூடவே வந்தது. ட்யூபில் எவ்வளவு அடித்தாலும் காற்று தன்னைச் சுருக்கிக்கொண்டு இடம் கொடுக்கும். அதை அவர் கை அறியும். தண்ணீர் அப்படி இடம் கொடுக்குமா? வெயில் தாழ்வதற்குள் பொறுமை போயிற்று. பழைய கம்ப்ரஸரிலிருந்து அழுத்தம் காட்டும் மீட்டரைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சமையலறைக் குழாயின் வாயில் ரப்பர் குழாய் கொண்டு மீட்டரை இறுகப் பொருத்தி, குழாயைத் திறந்துவிட்டார். கணவனும் மனைவியும் மூக்கு முட்டுமளவு நெருங்கி நின்று முள்ளைப் பார்த்தனர். மாமனார் அப்போதுதான் குளித்து முடித்துப் படுத்திருந்தார். ஹீட்டருக்குள் பச்சைத்தண்ணீர் இறங்கியிருந்ததால் அடியில் நெருப்பு தானே பற்றிக்கொண்டது. வீட்டில் வேறெந்தக் குழாயும் திறக்கப்படவில்லை. எவரும் எதையும் தொடவில்லை. ஆயினும் முள் நகர்ந்தது.

முதலில் அவருக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. சூடேறிய தண்ணீர் பருக்கிறது என்பதைக் கண்ணால் காண்பது எத்துணை அதிசயம்! பார், பார் என்று மனைவியின் தோளைத் தட்டினார். முள் கார் டயரின் அளவைத் தாண்டியது, சைக்கிளின் அளவைத் தாண்டியது, லாரி டயருக்கு அவர் அடிக்கும் அளவையும் நின்று பாராமல் தாண்டியது. அந்நேரம் ஹீட்டரையொட்டிய பின்னறையில் மாமனார் இருமினார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவள் ஓடிப்போய் கேஸை நிறுத்தினாள். அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மூடியைக் கழற்றக் குனிந்தார்.

"கையை எடுங்க. உள்ள இருக்கறது வெந்நீர். மூஞ்சியிலதான் அடிக்கும். மொதல்ல அப்பாவைத் தூக்குங்க."

பெரியவரைக் கைத்தாங்கலாக முன்னறைக்கு நடத்தினார்கள். ஒழுகலை அடைத்ததற்காக ஒரு மனிதனை வெளியே ஊற்றுகிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவர் வழியெல்லாம் முணுமுணுத்தார். பிறகு மருமகன் குளியலறையின் வெந்நீர்க் குழாயை ஒரு நூல் அளவே திறந்தார். ஒரு கை தண்ணீர்தான் விழுந்திருக்கும். மீட்டரருகே நின்ற மனைவி, முள் பொத்தென்று கீழே விழுந்துவிட்டதாகக் கூவினாள். லாரி டயரில் அவ்வளவு காற்றைப் பிடுங்கினால் முள் அசைந்தும் கொடுக்காது. தண்ணீர் வேறு சாதி என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். தொட்டி முற்றும் ஆறிய பிறகே மூடியைக் கழற்றினார்.

மறுநாள் கேஸ் வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். புதிய தண்ணீர் மீட்டரோடு ஒருவழி வால்வு வைத்திருக்கிறார்கள், முன்பு பருத்த தண்ணீர் தெருக் குழாய்க்கே திரும்பிப் போகும், இப்போது போக வழியில்லாமல் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வைத் தள்ளிக்கொண்டு அந்தச் சொட்டுக் குழாய் வழியே வெளியேறுகிறது என்று விளக்கினாள். அந்த வழியையும் அடைத்த பிறகு, என்றைக்காவது நெருப்பு தானே அணையாமல் போனால், தொட்டி வெடித்துச் சுவரையே கொண்டுபோகும் என்றாள். பழைய வால்வை மாற்றி, அதன் குழாயைச் சாக்கடை வாய்வரை இறக்கித் திறந்தபடியே விட்டாள். பச்சைத்தண்ணீர்க் குழாயில் இணைப்பதற்காக ஓர் இரும்புக் கலத்தையும் கொண்டுவந்திருந்தாள். உள்ளே ரப்பர்த் தடுப்பு; அதன் ஒருபுறம் காற்று, மறுபுறம் பருத்த தண்ணீருக்கு இடம்.

கலத்தின் தலையில் இருந்ததைக் கண்டதும் பஞ்சர் கடைக்காரரின் முகம் மலர்ந்தது. கார் டயரின் வால்வேதான்! வீட்டுத் தண்ணீரின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது, கொஞ்சம் தள்ளி நில்லம்மா என்று கேட்டுக்கொண்டு பம்பை அவரே பிடித்தார். நெருப்பில்லாத நேரத்தில் மீட்டர் காட்டிய அளவுக்கு அடித்து, வால்வின் மேல் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்றும் பார்த்தார். அதன்பின் அவள் கலத்தைக் குழாயில் இணைத்தாள்.

மாலையில் மீண்டும் நெருப்பு பற்றியது. முள் சற்றே நிமிர்ந்து, அங்கேயே நின்றது. புதிய வால்வு ஒரு சொட்டும் விடவில்லை. முன்னறையிலிருந்து மாமனார் கேட்டார்.

"என்ன மாப்ள, என் கட்டிலுக்குப் போகலாமா?"

நேற்றைய மருமகனாயிருந்தால் உடனே தலையை ஆட்டியிருப்பார்.

"இன்னைக்கு அங்கயே படுங்க மாமா. நாளைக்கும் ஒரு குளியல் ஆகட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

பயமா என்று மனைவி காதோடு கேட்டாள். பயமில்லை, இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்லி, அவர் மீட்டருக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டார்.