எழுபத்தாறு சீட்டு

மூன்றாவது முறையும் எண்ணிவிட்டு மகள் சீட்டுக்கட்டைச் சாப்பாட்டு மேசையில் போட்டாள். எழுபத்தெட்டு இருக்க வேண்டும். எழுபத்தாறுதான் இருந்தது. முன்னறையில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில், யாருக்கோ வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டவர் மாதிரி படுத்திருந்தார். மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும்.

நேற்றுக் காலையில்தான் அவள் கையைப் பிடித்து, "என் சீட்டைச் சட்டைப் பையில வெச்சு அனுப்பும்மா" என்றார். தலையாட்டிவிட்டாள். எந்தச் சீட்டு என்று மத்தியானம் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள், பாவி. மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரான அப்பாவுக்குக் குறி சொல்லும் டாரட் சீட்டென்றால் பைத்தியம். தெரிந்த ஆண்பிள்ளைக்கெல்லாம் ஒரு சீட்டு ஒதுக்கியிருந்தார். பனிமலை உச்சியில் விளக்கோடு தனியாக நிற்கும் துறவி, மாடிவீட்டுக் கணக்கு வாத்தியார். மலை விளிம்பில் நின்று வானத்தைப் பார்க்கும் முட்டாள், பெற்ற மகன். அப்பாவிடமே வண்டி கற்று, டெஸ்டில் மூன்று தடவை கோட்டைவிட்டவனுக்கு வேறெந்தச் சீட்டு பொருந்தும்?

"அப்பாவுக்குச் சக்கரவர்த்திதான். வேற என்ன?" என்றான் முட்டாள்.

"அதான் கட்டுலயே இல்லையேடா. நாம பார்த்ததே கிடையாது. இப்ப மகாராணியையும் காணோம். அது சின்ன வயசுல இருந்துச்சு."

சக்கரவர்த்தியை அப்பா வாயாலேயேதான் காட்டுவார். "சிம்மாசனத்துக்குப் பின்னால வெறும் பாறை, ஒரு புல் கிடையாது. ஆனா மெல்லிசா ஒரு ஆறு ஓடும். மகாராணி சீட்டுல அருவி இருக்கு பாரு, அந்தத் தண்ணிதான் இங்க வருது. இல்லேன்னா இவன் காஞ்சே செத்திருப்பான்!"

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா தொண்டையைச் செருமினாள். "தையல் மிஷினோட முன்காலுக்கு அடியில பாரு."

இருவரும் திரும்பினார்கள்.

"கல்யாணமான புதுசு. நான்தான் இந்த வீட்டுக்குச் சக்கரவர்த்தின்னு உங்கப்பாவுக்கு ஒரே அலட்டல். மிஷின் வேற ஆடிட்டிருந்துச்சு. மடிச்சு முட்டுக் குடுத்துட்டேன்."

"நாப்பது வருஷமாவாம்மா?"

"நல்லாத்தான் தாங்கினாரு."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாவு வீடாயிற்றே என்று வாயைப் பொத்தினாள். அம்மாவே சிரித்துவிட்ட பிறகு யாரைப் பார்த்துப் பயம்?

மகன் மிஷினைத் தூக்கிப் பிடித்தான். மகள் குனிந்து காலடியில் இருந்ததை எடுத்துப் பிரித்தாள். நாலாக மடிந்த சக்கரவர்த்தி. அதற்குள் இன்னொரு சீட்டு. கோதுமை வயல், காடு, அருவி.

அம்மாவின் சிரிப்பு நின்றது. "நான் ஒண்ணுதான் வெச்சேன்."

மகன் மிஷினை மெல்லக் கீழே இறக்கினான்.

"எல்லாம் தெரிஞ்சிருக்கு இந்த மனுஷனுக்கு. ஒரு வார்த்தை சொன்னாரா பாரு!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை வருஷமாக என்று இனி யாரிடம் கேட்பது?

வாசலில் வண்டி வந்து நின்றது. அம்மா சக்கரவர்த்தியை நீவி நீவி மடிப்பைப் போக்கினாள். முன்னறைக்குப் போய் அப்பாவின் சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் இரண்டு தட்டு தட்டினாள்.

"மகாராணியையும் கூட வெச்சிடலாமா?" என்றாள் மகள்.

"நல்லா இருக்கே! நாலு யூனிஃபார்ம் தைக்காம கிடக்கு."

சீட்டை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்து, மிஷின் காலடியில் செருகினாள். தொட்டுப் பார்த்தாள். லேசாக ஆடியது. அது நிற்கும்வரை அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.