மேற்கே கொஞ்ச தூரம்

கணவரை விட்டுப் போவது என்று முடிவு செய்தபோதே படகில் போவது என்றும் முடிவு செய்தேன். திருமழபாடி பஸ் நிறுத்தத்தில் பையோடு நிற்கிற பெண்ணை எங்கே போகிறாய் என்று கேட்காமல் யாரும் கடந்துபோக மாட்டார்கள். கொள்ளிடத்தில் அந்த வாரம் தண்ணீர் வந்திருந்தது. அக்கரையில் இறங்கினால் தஞ்சாவூர் பஸ். அங்கே ஒரு பெண்கள் விடுதியில் எனக்கு வார்டன் வேலை கிடைத்திருந்தது.

என் கணவர் ராஜதுரைக்கு இது எதுவும் தெரியாது. சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். காலையில் அவர் ஆற்றோரம் இருக்கிற எங்கள் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிப் போகும்வரை சொல்லவில்லை.

அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. நான் எதைச் சொன்னாலும் அதற்குள் ஒரு சாமானைக் கண்டுபிடித்து அதைப் பற்றிக் கேட்பார். எனக்குத் தூக்கமே வரவில்லை என்றால், "ஃபேன் சத்தம் போடுதா?" என்பார். யாரோடும் பேசவே இல்லை என்று தோன்றுகிறது என்றால், "ரீசார்ஜ் முடிஞ்சிருச்சா?" என்பார்.

படகுக்காரர் கருப்பண்ணன் என் பையை வாங்கி உள்ளே வைத்தார். இறங்கும் துறை நேர் எதிரே தெரிந்தது. அவர் படகை மேற்கே திருப்பிக் கரையோரமாகவே கழி ஊன்றினார்.

"துறை அங்கல்ல இருக்கு?" என்றேன்.

"நேரா விட்டா இழுப்பு நம்மள கீழ கொண்டுபோயிரும்ங்க. கரையோரமா மேற்க ஏறி, அங்கேருந்து விட்டா அதுவே துறையில கொண்டாந்து விட்டுரும்."

"எது வரைக்கும் ஏறணும்?"

"உங்க கொல்லை தாண்டிதான்."

கோடையில் மணலில் நடந்து அக்கரைக்குப் போயிருக்கிறேன். படகில் ஏறியது அன்றுதான். மணலுக்கு இப்படி இழுக்கிற வழக்கம் இல்லை.

ஓட்டத்துக்கு எதிரே படகு ஊர்ந்தது. கொல்லையில் டீசல் இன்ஜின் பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் எங்களைப் பார்த்தார். கரைமேல் ஏறி, படகோடு கூடவே நடந்தார். அவ்வப்போது நின்று எங்களுக்காகக் காத்திருந்தார்.

"எங்க?"

"தஞ்சாவூருக்கு."

"பை பெரிசா இருக்கு."

"ஆமா."

"ஜிப்பு சரியா மூடுதா?"

"மூடுது."

"அண்ணே, நீங்களும் ஏறிக்கிறது. நடந்தே எங்கள முந்திருவீங்க போல," என்றார் கருப்பண்ணன்.

"நீ ஊனுடா."

கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போனால் அவர் எப்போதும் முன்னால், நான் பின்னால். நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இவ்வளவு தூரம் போனதே இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். கருப்பண்ணன் இருக்கிறாரே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கருப்பண்ணன் இல்லாத வீட்டில் இத்தனை வருடம் என்ன காரணம் வைத்திருந்தேன் என்பது நினைவுக்கு வரவில்லை.

கொல்லை தாண்டியதும் கருப்பண்ணன் படகின் முகப்பைத் தெற்கே திருப்பினார். ஓட்டம் எங்களைப் பிடித்துக்கொண்டது.

"போறேன்," என்றேன்.

எங்கள் பக்கம் உப்பு வாங்கக் கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன்தான். சாவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லாமல் கிளம்புவோம்.

கரையில் அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் கருப்பண்ணன் கத்தினார்.

"போயிட்டு வராங்களாம்ண்ணே."

"சரி. வரும்போது இன்ஜினுக்கு பெல்ட் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லு."

"நான் அப்படிச் சொல்லலியே," என்றேன் கருப்பண்ணனிடம்.

"தண்ணி மேல உக்காந்துகிட்டு அந்த மாதிரி சொல்லக் கூடாதுங்க. நான் இதே படகுலதான் திரும்பணும்."

ஏறியது போல இல்லை, இறக்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது. தண்ணீர் எங்களைத் துறையில் சரியாகக் கொண்டுவந்து வைத்தது. பஸ் இன்னும் வரவில்லை. பெல்ட்டுக்காக அவர் காத்திருப்பாரே என்று இருந்தது. யாரோ மாற்றிச் சொன்ன சொல்லோடு பஸ் ஏறவும் முடியவில்லை. போன் செய்தேன். பின்னால் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது.

"என்னங்க, கருப்பண்ணன் மாத்திச் சொல்லிட்டாரு. நான் வரேன்னு சொல்லல. போறேன்னுதான் சொன்னேன்."

இன்ஜின் நின்றது.

"கேட்டுச்சு," என்றார்.

"இப்பவா?"

"அப்பவே."

"அப்புறம் எதுக்குக் காதுல கை வச்சீங்க?"



"மாத்திச் சொல்லுவியான்னு பாத்தேன்."

அவர் சாமான் எதையும் பற்றிப் பேசாமல் என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம். அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். பஸ் வந்தது.

"பஸ் வந்துருச்சு," என்றேன்.

"உக்கார எடம் இருக்கா?"

எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரமே இருந்தது.

"இருக்கு," என்று சொல்லிவிட்டு ஏறினேன்.